ஊத்தங்கரை வெள்ளமும் ஒரு சின்ன சபையின் கிறிஸ்துமஸ் கணக்கும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. கடலோரத்துச் சமாச்சாரம், நமக்கென்ன என்றுதான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பலரும் இருந்தார்கள். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பதிவான மழை 50 சென்டிமீட்டர். ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் தண்ணீர் இழுத்துக்கொண்டு போன காட்சியை ஊரே செல்போனில் பார்த்தது.

அந்தத் தண்ணீர் புகுந்த தெருக்களில் ஒன்றில் ஒரு சின்ன பாப்டிஸ்ட் சபை இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு என்று அவர்கள் ஒதுக்கி வைத்திருந்த பணம் என்ன ஆனது, அதை யார் எப்படி முடிவு செய்தார்கள் என்பதுதான் இந்த ஆய்வு. இந்தப் பக்கத்துச் சிறு சபைகள் சிலவற்றுக்கு நான் ஆண்டுக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. எழுதிக்கொள்ளுங்கள், சபைப் பெயரும் ஆட்கள் பெயரும் மட்டும் வேண்டாம் என்றார்கள். அப்படியே எழுதுகிறேன்.

சபையைப் பற்றிக் கொஞ்சம்

28 குடும்பங்கள். கட்டட வேலைக்கு பெங்களூரு போய் வருகிறவர்கள், மாங்கூழ் ஆலையில் சீசன் வேலை பார்ப்பவர்கள், இரண்டு மூன்று ஆசிரியர்கள், ஒரு கொத்தனார், ஒரு தையல்காரர். வீட்டில் தெலுங்கும் சபையில் தமிழும் பேசுகிறவர்கள் பாதிப்பேர். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஞானஸ்நானத் தொட்டி கட்ட இன்னும் பணம் சேரவில்லை, அதனால் முழுக்கு ஞானஸ்நானம் விவசாயக் கிணற்றில்தான். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது, கடவுளிடம் ஒப்படைக்கும் பிரதிஷ்டை ஜெபம் மட்டும். வளர்ந்து, தானே விசுவாசித்து, தானே கேட்டு முழுக்கு எடுத்த பிறகுதான் ஒருவர் சபை உறுப்பினர்.

இந்த விஷயம் கணக்குக்கும் முக்கியம். பாப்டிஸ்ட் சபைக்கு மேலே பேராயர் கிடையாது. எத்தனையோ பாப்டிஸ்ட் சங்கங்கள் இருந்தாலும், ஒரு சபையின் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று வெளியிலிருந்து உத்தரவு வராது. சபைக்கூட்டம் கூடி, கை தூக்கி முடிவு செய்யவேண்டும். போதகருக்கும் ஒரு ஓட்டு, போன வருஷம் முழுக்கு எடுத்த பதினேழு வயதுப் பெண்ணுக்கும் ஒரு ஓட்டு. மேலிடத்துக்கு எழுதிக் கேட்கும் வசதியும் இல்லை, மேலிடத்தின் மேல் பழி போடும் வசதியும் இல்லை.

தர்மபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2004இல்தான். அந்தப் பழைய சேலம் மாவட்டத்தில் பாப்டிஸ்ட் என்றதும் பெரியவர்களுக்கு நினைவு வருவது கொல்லிமலையும் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற மிஷனரித் தம்பதியும். ஜெஸ்ஸி 1929இல் மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் 1974இல் இறக்கும்வரை மலைமக்களோடு இருந்தார். வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சைக்குப் பேர் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் இவர்களுடைய மகன். நம்முடைய சபைக்கும் அவர்களுக்கும் நேர்த் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் போதகரின் பிரசங்கத்தில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஈவ்லின் அம்மா வந்துவிடுவார்.

நவம்பரில் போட்ட பட்ஜெட்

நவம்பர் கூட்டத்தில் ஏற்றுக்கொண்ட கிறிஸ்துமஸ் பட்ஜெட் 72,000 ரூபாய். 25ஆம் தேதி மதியச் சாப்பாடு 30,000. சவுண்ட் சர்வீஸும் சீரியல் லைட்டும் 12,000. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசு 8,000. போதகர் குடும்பத்துக்குப் புதுத்துணி 7,000. விதவைகளுக்குச் சேலை 6,000. வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட்ஸுக்கு டெம்போ 5,000. கேக், டீ 4,000.

சாப்பாட்டுச் செலவைப் பார்த்துவிட்டு, 28 குடும்பங்களுக்கு எதற்கு இத்தனை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சாப்பிடுவது தெருவே. பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக் கரும்பும் ரம்ஜானுக்குப் பக்கத்துத் தெருக் கஞ்சியும் வருகிற ஊரில் கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு ஆள் கணக்குப் பார்க்க முடியாது. இருநூறு பேர் என்று வைத்துக்கொண்டு 25 கிலோ அரிசி, அதற்கு ஈடாகக் கோழிக்கறி. இதுதான் பிரியாணி சமைக்கும் பண்டாரியின் கணக்கு. ஒரு கிலோவுக்கு எட்டுப் பேர் என்று வாயால் சொல்வார், கை மட்டும் கொஞ்சம் தாராளமாக அளக்கும்.

டிசம்பர் 8 கூட்டம்

வெள்ளத்துக்கு அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டம். பாய்கள் இன்னும் காயாததால் எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலியில். வாலிபர் ஐக்கியத்தில் ஒருவர் எழுந்து, "இந்த வருஷம் பண்டிகையே வேண்டாம், மொத்தப் பணத்தையும் குடுத்துடலாம்" என்றார். கேட்க நன்றாக இருந்தது, நிறையப் பேர் தலையாட்டினார்கள்.

மறுத்தது பண்டாரியின் மனைவி. பண்டாரி சபை உறுப்பினர் இல்லை, மனைவி உறுப்பினர். அவர்கள் வீட்டில் புகுந்த தண்ணீர் இரண்டு பெரிய அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஒன்று இரண்டு வயல் தள்ளி முள்வேலியில் சிக்கிக் கிடைத்தது, மற்றது போனது போனதுதான். "சாப்பாட்ட நிறுத்திட்டு எங்களுக்குப் பணம் குடுப்பீங்களா? அந்த மனுஷன் சமைச்சு சம்பாதிக்கறதயும் நிறுத்திட்டு, அப்புறம் கவர்ல வெச்சுக் குடுத்தா அவரு வாங்குவாரா?"

அதற்குப் பிறகு விவாதம் வேறு பக்கம் திரும்பியது. சாப்பாடு இருக்கட்டும், எதை வெட்டலாம்? சவுண்ட், லைட், டெம்போ, கேக் போயின. போதகர் எழுந்து தன் குடும்பத்துத் துணியையும் அடித்துவிடச் சொன்னார். பொருளாளர் உடனே அடித்தார். (பெண்கள் ஐக்கியம் பிறகு தங்களுக்குள் வசூலித்து பாஸ்டரம்மாவுக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுத்தது. அது சபைக் கணக்கில் வராது, நானும் கேட்கவில்லை.) ஞாயிறு பள்ளிப் பரிசு நின்றது. ஆனால் டிபன் பாக்ஸுக்குப் பதில் நோட்டும் ஜியாமெட்ரி பாக்ஸும், ஏனென்றால் பாதிப் பிள்ளைகளின் பள்ளிப்பை ஊறிப்போயிருந்தது. ஆக, கையில் விடுபட்டது 28,000.

அடுத்த கேள்விதான் கடினமானது. யாருக்கு?

சபைக் காரியங்களைக் கவனிக்கும் டீக்கன்கள் தயாரித்து வந்த பட்டியலில் 11 பெயர். எல்லாம் சபைக் குடும்பங்கள். ஒரு வீட்டுக்கு 2,500 வரும், கொஞ்சமாவது உதவும். தெருவில் மோசமாகப் பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் கொடுப்பது என்றால் 36 வீடு, ஆளுக்கு 800 கூடத் தேறாது. முதலில் நம் வீட்டைப் பார், பிறகு ஊரைப் பார் என்று பேசியவர்களைக் கஞ்சர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களில் இருவர் அந்த 11 வீடுகளில் இல்லாதவர்கள், தங்களுக்கென்று எதையும் கேட்கவில்லை.

கொத்தனார்தான் வழி சொன்னார். சுவரில் தண்ணீர் நின்ற கோடு எல்லா வீட்டிலும் அப்படியே இருக்கிறது, டேப் போட்டு அளந்தால் தீர்ந்தது. எந்த வீட்டில் கோடு முழங்காலுக்கு மேலே போகிறதோ அந்த வீடு பட்டியலில். சாமி படம் மாட்டியிருக்கிறதா, சிலுவை மாட்டியிருக்கிறதா என்று பார்க்கத் தேவையில்லை. ஓட்டு 31-க்கு 14 என்று தெருவின் பக்கம் விழுந்தது. பணம் போதாது என்பது அந்த ஓட்டிலேயே தெரிந்துவிட்டதால், 8, 15 ஆகிய இரண்டு ஞாயிறும் விசேஷக் காணிக்கை எடுப்பது என்றும் அப்போதே முடிவானது. இரண்டும் சேர்ந்து 19,000-க்குக் கொஞ்சம் மேல் வந்தது.

நான் பார்க்கும் மற்ற சபைகளில் இந்த இடத்தில் பெரும்பாலும் இரக்கத்தின் அளவு பேசப்படும். இங்கே சுவரின் அளவு பேசப்பட்டது. யாருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று பிற்பாடு ஒரு சண்டைகூட அந்தத் தெருவில் வராததற்கு டேப்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

காலண்டர்

வருஷா வருஷம் சபை வசனக் காலண்டர் அச்சடிக்கும். 2025 காலண்டர் கட்டு மழைக்குத் தப்பி போதகர் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. நிவாரணப் பையில் ஆளுக்கு ஒன்று போடலாமே என்றார்கள் வாலிபர்கள். தப்பான எண்ணம் ஒன்றும் இல்லை, இருக்கிறதைக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

போதகர் அப்போது ஆந்திராவின் ஓங்கோல் கதையைச் சொன்னார். தெலுங்குக் குடும்பத்தில் வளர்ந்தவர், சின்ன வயதிலிருந்து கேட்டது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன் பூட்டன் சொன்னது 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சம், சேலம் மாவட்டத்தையும் அது கடுமையாகத் தாக்கியது. ஓங்கோலில் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ், பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டும் வேலையில் ஒரு பகுதியைக் காண்டிராக்ட் எடுத்து, பசித்தவர்களுக்குக் கூலி வேலை கொடுத்தார். அந்தக் காலம் முழுக்க ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களுக்கு அவர் கொடுக்கவில்லை. சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு அவர்களுக்கும் வேண்டாம், தனக்கும் வேண்டாம் என்பது அவர் எண்ணம். நிவாரணம் நின்ற பிறகு, 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் முழுக்கு எடுத்தார்கள்.

கதையின் முதல் பாதிக்காக போதகர் சொன்னார். வாலிபர்கள் இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள் என்பதையும் பதிவு செய்யவேண்டும். கடைசியில் பையில் காலண்டர் போடவில்லை. பேனர், போட்டோ எதுவும் கிடையாது. காலண்டர் கட்டு தையல்காரர் கடையில் வைக்கப்பட்டது, கேட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தேதி பார்க்கக் காலண்டர் எல்லோருக்கும்தான் வேண்டும்.

கடல் கடந்த பணம்

சபைப் பிள்ளைகள் இரண்டு பேர் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பக் கேட்டார்கள். ஒருவர் குவைத்தில் டிரைவர், இந்திய பாஸ்போர்ட். இன்னொருவர் இங்கிலாந்தில் நர்ஸ், அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர். பொருளாளர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி இதுதான்.

2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவோ முன் அனுமதியோ பெறாத ஒரு சபை வெளிநாட்டு மூலத்திலிருந்து பணம் வாங்கக் கூடாது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்தை வழக்கமான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையில் சேராது. குடியுரிமை மாறியவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர் கணக்கில்தான். பதிவுள்ள பெரிய அமைப்பு ஏதாவது வாங்கி நமக்கு மாற்றிக் கொடுக்கலாமே என்றால், 2020 திருத்தம் அந்த வழியையும் மூடிவிட்டது.

எனவே டிரைவரின் 10,000 வாங்கப்பட்டது. நர்ஸின் பணம் சபைக்கு வேண்டாம் என்று சொல்லப்பட்டது. அவர் கோபித்துக்கொண்டார், பிறகு தன் அம்மாவுக்கு வீட்டுச் சுவரைச் சரிசெய்ய அனுப்பினார். உறவினருக்கு அனுப்புவதில் சிக்கல் இல்லை. அந்த அம்மா மறுநாளே வந்து, "என் பேர எடுத்துருங்க, எம்பொண்ணு பாத்துக்கிட்டா" என்று பட்டியலிலிருந்து விலகினார். வீடுகள் 35 ஆயின. கையில் 57,000. ஒரு வீட்டுக்கு 1,600 வரை செலவழிக்க முடிந்தது.

ரேஷன் அரிசி எப்படியும் வரும் என்பதால் அரிசி வாங்கவில்லை. பர்கூர் மொத்தக்கடையில் போர்வை, அப்புறம் பாய், தார்ப்பாய், ஒரு குக்கர் அல்லது குண்டான். டிசம்பர் பனியில் இங்கே போர்வை இல்லாமல் படுக்க முடியாது. சேமித்து வைத்த கேழ்வரகு ஊறி முளைவிட்டிருந்த வீடுகளுக்கு மட்டும் கேழ்வரகு தனியாக.

கேரல் பை

இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படும் பகுதி இதுதான்.

கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது ஒரு துணிப்பை கூடப் போகும். பாட்டு, ஜெபம் முடிந்ததும் வீட்டுக்காரர்கள் அதில் காணிக்கை போடுவார்கள். அந்த வருஷம் டெம்போ இல்லை, நடந்தே போனார்கள். ஒரு பிள்ளை கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில், காலில் ரப்பர் செருப்பு, தெருவில் இன்னும் சேறு. தண்ணீர் புகுந்த வீடுகளுக்குப் பையைக் கொண்டுபோக வேண்டாம் என்று டீக்கன்கள் முடிவு செய்திருந்தார்கள். இழந்தவர்களிடம் போய்ப் பையை நீட்டுவதா என்ற நல்லெண்ணம்.

முதல் நாளே அது உடைந்தது. எழுபது தாண்டிய ஒரு விதவைத் தாய், சபையின் மூத்த உறுப்பினர்களில் ஒருவர். பின்சுவர் விழுந்து தார்ப்பாய் தொங்கிய வீடு. பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது, எல்லோரும் கிளம்பினார்கள். அவர் வாசலை மறித்துக்கொண்டு கேட்டார்: "பை எங்கடா?" ஒருவன் ஏதோ சமாளித்தான். "எங்க வூட்டுக்கு மட்டும் பை வராதா? சுவரு விழுந்தா நான் பிச்சக்காரியா ஆயிட்டனா? போயி எடுத்துட்டு வாங்க." பையை எடுத்துக்கொண்டு திரும்பி வரும்வரை யாரையும் விடவில்லை. ஒரு படி கேழ்வரகும் முந்தானையில் முடிந்து வைத்திருந்த இருபது ரூபாயும் போட்டார்.

பிடியரிசி நமக்குப் புதிதல்ல. தினம் சமைக்கும்முன் ஒரு கைப்பிடி எடுத்து வைக்கச் சொல்லி காஞ்சிப் பெரியவர் திட்டமே போட்டார். மிசோரத்தில் கிறிஸ்தவப் பெண்கள் 1910 முதல் அதே வேலையைச் செய்து சபைகளை வளர்த்தார்கள். இரண்டிலும் கொடுக்கிறவர்கள் வசதிக்காரர்களாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. பாப்டிஸ்டுகளின் கிறிஸ்துமஸ் காணிக்கை வரலாறும் அப்படிப்பட்டதுதான். சீனாவில் வேலை செய்த அமெரிக்க மிஷனரி லாட்டி மூன், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தைக் காணிக்கைக்கென்று ஒதுக்கச் சொல்லி அமெரிக்காவின் தென்பகுதிப் பெண்களுக்கு எழுதினார். 1888இல் எடுத்த முதல் காணிக்கை 3,315 டாலர். அவர் 1912 டிசம்பர் 24 அன்று, ஊர் திரும்பும் வழியில் ஜப்பானின் கோபே துறைமுகத்தில் கப்பலிலேயே இறந்தார். அந்தக் காணிக்கைக்கு 1918இல் அவர் பெயரையே வைத்தார்கள். அடுத்தவர் கிறிஸ்துமஸுக்குக் கொடுப்பது இவர்களுக்குப் பழக்கம்; வாங்குகிறவர் இடத்தில் உட்காருவதுதான் பழக்கமில்லாத வேலை. டீக்கன்கள் யோசிக்காமல் விட்ட இடம் அது.

மறுநாள் முதல் பை எல்லா வீட்டுக்கும் போனது. அவரைக்காய், நிலக்கடலை, முட்டை, சில்லறை. ரவுண்ட்ஸ் முடிந்தபோது 6,400 ரூபாயும் ஒன்றரை மூட்டைக்குக் குறையாத தானியமும் சேர்ந்திருந்தன. முந்தைய வருஷத்தைவிட ரூபாய் குறைவு, தானியம் மிக அதிகம்.

பட்டியலில் விடுபட்டவர்கள்

நடந்து போனதால்தான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. தெருவின் கடைசியில் ஏரிக்கரையை ஒட்டி செங்கல் சூளைக்காரர்களின் குடிசைகள், ஏழு குடும்பங்கள், வெளிமாவட்டத்து ஆட்கள். டேப் அங்கே போகவே இல்லை, ஏனென்றால் அளக்கச் சுவரே நிற்கவில்லை. அறுத்து அடுக்கிய, இன்னும் சுடாத பச்சைக்கல் எல்லாம் மழையில் கரைந்துவிட்டது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களுக்குக் கரைந்த கல்லுக்குக் கூலி கிடையாது, வாங்கிய முன்பணம் மட்டும் தலையில் நிற்கும்.

மூத்த டீக்கன் அன்றிரவே கேரல் பையில் இருந்த தானியத்தையும், மறுநாள் 6,400 ரூபாய்க்குத் தார்ப்பாயும் போர்வையும் வாங்கி அங்கே கொடுத்துவிட்டார். கூட்டம் கூட்டவில்லை, ஓட்டு எடுக்கவில்லை, போதகருக்கு மட்டும் போன் பண்ணிச் சொன்னார். கேரல் பணம் ஞானஸ்நானத் தொட்டிக் கணக்குக்குப் போகவேண்டியது.

25ஆம் தேதி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மைக் இல்லாமல் போதகர் கத்திப் பேசித் தொண்டை கட்டியது. ஞாயிறு பள்ளி நாடகத்தில் மேய்ப்பர்கள் தலையில் கட்டிய துண்டு போன வருஷத்துத் துண்டுதான். பண்டாரி கடன் வாங்கிய அண்டாவில் சமைத்தார், இருநூறு பேருக்கு மேலே வந்தும் தட்டுப்பாடு வரவில்லை. சூளைக் குடும்பங்களும் வந்தன, கடைசிப் பந்தியில் உட்கார்ந்தன. முதல் பந்தியிலேயே கூப்பிட்டிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஜனவரிக் கூட்டம்

தொட்டிப் பணம் எங்கே என்ற கேள்வி ஜனவரியில் வந்தது. கேட்டவர் சூளைக்காரர்களுக்குக் கொடுத்ததை எதிர்க்கவில்லை. "இன்னிக்கு நல்லதுக்கு எடுத்தீங்க. நாளைக்கு வேற ஒருத்தர் வேற எதுக்காவது எடுத்தா என்ன சொல்றது?" மூத்த டீக்கன் முகம் சுருங்கிப் போய் உட்கார்ந்திருந்தார். என் கருத்தைக் கேட்டார்கள். விதிப்படி செல்லாத செலவு, கூட்டம் பின்னேற்பு (செலவான பிறகு தரும் ஒப்புதல்) கொடுத்தால் செல்லும், ரசீது எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன். பின்னேற்பு நிறைவேறியது, மூன்று பேர் கை தூக்கவில்லை. இனி இரண்டு டீக்கன்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அவசரத்துக்கு 5,000 வரை எடுக்கலாம் என்று ஒரு தீர்மானமும் எழுதப்பட்டது. 2025 பட்ஜெட்டில் அதற்கு ஒரு வரி சேர்ந்தது. தொட்டி இன்னும் தள்ளிப்போனது.

தீராமல் நிற்பது சவுண்ட் சர்வீஸ்காரர் விவகாரம். பக்கத்துத் தெருக்காரர், சபை ஆள் இல்லை. அவர் கடைக்குள்ளும் தண்ணீர் புகுந்து இரண்டு ஆம்ப்ளிஃபயர் போய்விட்டன. டிசம்பரில் அவர் நம்பியிருந்த பெரிய ஆர்டர் இந்தச் சபையுடையதுதான். முன்பணம் வாங்காததால் கேட்கவும் வழியில்லை. பண்டாரிக்குப் பேச மனைவி கூட்டத்தில் இருந்தார், இவருக்குப் பேச ஆள் இல்லை. 36 வீட்டுப் பட்டியலிலும் அவர் இல்லை, கடை அந்தத் தெருவில் இல்லையே. 2025 ஏப்ரலில் ஈஸ்டருக்கு அவரையே கூப்பிட்டார்கள். வந்தார், செட் போட்டார், வழக்கமான வாடகையைவிட ஐந்நூறு கூடுதலாக பில் கொடுத்தார். பொருளாளர் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு, அந்த ஐந்நூறை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று என்னிடம் கேட்டார். ஒலிபெருக்கி வாடகை என்றே எழுதச் சொன்னேன்.